இடுப்பு வாரின் கடைசித் துளை

இல்லிரியர்களான எங்களோடு போரிட்டு வந்த கெல்டுகள் தங்கள் கூடாரத்தில் சமாதான விருந்து வைத்தார்கள். எங்கள் ஆண்களோடு பெண்டாட்டிகள் நாங்களும் போயிருந்தோம். குடித்துச் சாய்ந்த புருஷனைக் கைத்தாங்கலாக வீடு சேர்ப்பது இல்லிரியப் பெண்களின் வேலை. எங்கள் ஆண்கள் அகலமான இடுப்பு வார் கட்டுவார்கள். குடிக்கக் குடிக்க அதைத் துளை துளையாக இறுக்கிக்கொண்டே போவார்கள். எந்த மடையன் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது.

அன்று என் வீட்டுக்காரர் வெர்சோ வாரைத் தளர்த்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது.

"வயித்தைப் பிசையுது புள்ள."

எதிர்வரிசையிலும் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் குழம்பை அள்ளி அள்ளி ஊற்றிய கெல்டுகளின் தட்டில் வெறும் ரொட்டிதான் இருந்தது. குழம்பில் எதையோ கலந்துவிட்டார்கள். கத்தினால் அங்கேயே வாளை உருவுவார்கள். பக்கத்தில் இருந்த தித்தாவைக் கிள்ளினேன்.

"உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுக் கிளம்புடி."

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்காரு, விடு" என்று சிரித்தாள்.

வாசலில் கெல்டுக் காவல்காரன் நின்றான். குடித்தவனை விடுவான். வார் தளர்ந்திருந்தால் எங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதென்று புரிந்துகொள்வான். மறைவில் வெர்சோவின் வயிற்றில் முழங்காலை ஊன்றி, வாரைக் கடைசித் துளைக்கு இழுத்தேன். கத்தாமல் இருக்க அவர் என் தோளைக் கடித்தார்.

"அதுக்குள்ள கவுந்துட்டானா?" என்றான் காவல்காரன்.

"இவரு மோந்து பாத்தாலே கவுந்துருவாருண்ணே."

அவன் விரலால் வாரைத் தடவிப் பார்த்தான். கடைசித் துளை. சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

ஓடைக்கரை மரங்களுக்குள் போனதும் வாரை அவிழ்த்தேன். வெர்சோ குப்புற விழுந்து வாந்தி எடுத்தார். கூடாரத்தில் பாட்டு நின்றது. அலறல் கேட்டது. அதில் தித்தாவின் குரலும் இருந்தது.

அப்போதுதான் என் அடிவயிறு முறுக்கியது. நானும் அந்தக் குழம்பைத்தான் சாப்பிட்டிருந்தேன். கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி புள்ள."

"உங்களை நாங்க தாங்குவோம். எங்களை யாரு தாங்கறது?"

அவர் வாரின் ஒரு முனையை என் மணிக்கட்டில் சுற்றினார். மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, என்னை இழுத்தபடி தவழத் தொடங்கினார். பின்னால் தீவட்டிகள் ஓடைப் பக்கம் திரும்பின.