அம்பலவாணற்ற மூத்தவள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் கலியாணசுந்தரத்தின் தறி வீட்டு வாசலில் அந்தக் கார் வந்து நின்றபோது காலை பதினொரு மணி இருக்கும். இறங்கிய அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல். கனடாவிலிருந்து மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வந்திருக்கிறார், கடையில் வேண்டாம், நெய்கிறவர் வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்கிறார் என்று டிரைவர் சொன்னார். பெயர் இரத்தினேஸ்வரியாம்.

கலியாணசுந்தரம் பாயை விரித்து ஏழெட்டுப் புடவைகளைப் பரப்பினார். மகள் காயத்ரி கல்லூரிக்கு விடுமுறை என்பதால் கூடவே உட்கார்ந்து மடிப்பைப் பிரித்துக் கொடுத்தாள். இரண்டு அடி தள்ளி, தறியருகில், அவர் மனைவி தவமலர் அறுந்த பாவு இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். இலங்கைத் தமிழ் வாடிக்கைக்காரர்களின் பேச்சைக் காதில் வாங்காமல் இருக்க அவள் இருபத்துமூன்று வருஷமாகப் பழகியிருந்தாள்.

"உதை ஒருக்கா விரிச்சுக் காட்டுங்கோ," என்றார் அந்த அம்மாள்.

கலியாணசுந்தரம் ஓரத்திலிருந்த பச்சையை எடுத்தார்.

"அதில்லை. உது."

அவர் இன்னொன்றை எடுத்தார். அதுவும் இல்லை. மனிதர் திணறுவதைப் பொறுக்காமல், கையிலிருந்த இழையைப் பார்த்தபடியே தவமலர் சொன்னாள்: "உங்க முட்டிகிட்ட இருக்குதே, அரக்கு, அதக் கேக்கறாங்க."

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இதுக்கும் அதுக்கும் நடுவில் அவள் பிறந்த ஊரில் ஒரு 'உது' உண்டு. சொல்கிறவர் பக்கத்தில் இல்லாதது, கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது. காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு சொல் இல்லாமலேயே எல்லாக் காரியமும் நடந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் வாயில் அது வந்துவிட, குழாயடியில் பெண்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 'ராமேஸ்வரத்துப் பக்கம் அப்படித்தாம்மா பேசுவாங்க' என்று கலியாணசுந்தரம் சமாளித்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வந்ததே இல்லை.

இரத்தினேஸ்வரி புடவையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். "பிள்ளைக்கு நான் சொன்னது விளங்குது. எந்த ஊர் அம்மா?"

"ராமேஸ்வரம் பக்கங்க."

"ராமேஸ்வரத்திலை உது இல்லை."

அதட்டலாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "நீங்கள் ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார்.

இலங்கையில் அவள் பிறந்த நெடுந்தீவில் யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. காலையில் ஒரு முனையில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் மறுமுனைக்குப் போய்விடலாம். அத்தனை சிறிய ஊரில் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாருடைய பிள்ளை என்று தெரிந்தால் வீடு தெரியும், கிணறு தெரியும், எந்தப் பனங்காணி யாருக்கு என்பது தெரியும். பத்து வயதில், அம்மாவையும் கைக்குழந்தைத் தங்கையையும் ஊரில் விட்டு, அப்பாவின் கையைப் பிடித்துப் படகேறிய நாளிலிருந்து தவமலரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். கரையேறிய மண்டபத்தில் பதிவு எண் கேட்டார்கள். அகதி முகாமில் அட்டை கேட்டார்கள். இந்தக் கேள்வியை மட்டும் முப்பத்தைந்து வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

"அம்பலவாணற்ற மூத்தவள்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "கிழக்கிலை. வள்ளம் வைச்சிருந்த அம்பலவாணர்."

இரத்தினேஸ்வரியின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "நீங்கள் கடலோடை போயிட்டியள் எண்டெல்லோ சொன்னவை. தொண்ணூறாம் ஆண்டு. வள்ளம் கவிண்டு தாண்டு போச்செண்டு."

"இல்லை. நாங்கள் வந்து சேந்திட்டம். அம்மாவும் தங்கச்சியும்தான் அந்த வருசமே குண்டுவீச்சிலை போச்சினம் எண்டு முகாமிலை ஒராள் சொன்னவர்."

"ஆர் சொன்னது?" என்றார் இரத்தினேஸ்வரி. "அவவுக்கு ஒண்டும் நடக்கேல்லையே. அவ பன்னிரண்டாம் ஆண்டுதான் கண்ணை மூடினவ. சின்னவள் இப்பவும் அங்கைதான் இருக்கிறாள். முன்பள்ளியிலை படிப்பிக்கிறாள்."

தவமலர் எழுந்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை. பன்னிரண்டு என்ற எண்ணைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொன்னாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் காயத்ரி மூன்றாவது படித்தாள். அந்த வருஷம் வீட்டுக்குப் புதிதாகக் கூரை போட்டார்கள். அப்போது அம்மா இருந்திருக்கிறாள்.

"அம்மா," என்றாள் காயத்ரி, "நீ ராமேஸ்வரம்னுதான சொன்ன?"

அப்படிச் சொல்வதென்று முடிவு செய்தது கல்யாணத்தின்போது. முகாமிலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்த பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று கலியாணசுந்தரம் ஒற்றைக்காலில் நின்றார். வீட்டுப் பெரியவர்கள் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் வெளியே ஊர் பேரைச் சொல்லக் கூடாது என்றார்கள். தவமலரும் சரி என்றாள். அப்பா அதற்கு முன்பே முகாமில் இறந்துவிட்டிருந்தார். இனி ஊர் பேரைச் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு இருந்தது.

இரத்தினேஸ்வரி அரக்குப் புடவையை எடுத்துக்கொண்டார். போகும்போது தவமலரின் கன்னத்தைத் தடவி, தங்கை செல்வமலரின் போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

தவமலர் ஐந்து நாள் அந்த நம்பரைத் தொடவில்லை. தறியில் வேலை நடந்தது, சமையல் நடந்தது. காயத்ரி அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வேற ஊருன்னு கோவம் இல்லம்மா. எங்கிட்ட ஏன் சொல்லல? ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் எங்கம்மா ராமேஸ்வரம்னு சொல்லிக்கினு இருந்தேன்."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா."

"பேசு மலரு," என்றார் கலியாணசுந்தரம் தறியிலிருந்தபடியே. "பயமா இருந்தா நான் பேசட்டா?"

காயத்ரிதான் நம்பரை அழுத்தினாள். வீடியோ வேண்டாம் என்று தவமலர் கையால் காட்டினாள்.

"ஆர் கதைக்கிறது?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் காற்று இரைந்தது.

"நான்... தவமலர் பேசறேன். காஞ்சிபுரத்துலருந்து. நல்லா இருக்கிறியாமா?"

"இரத்தினேசக்கா சொன்னவ. நீங்கள் இந்தியாக்காரர் மாதிரிக் கதைக்கிறியள்."

தவமலருக்கு முகம் சுட்டது. இங்கே வாயைத் திறந்தால் இந்த ஊர்க்காரி இல்லை என்று தெரிந்துவிடுமே என்று பயந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேய்த்துத் தேய்த்து மாற்றிக்கொண்ட பேச்சு அது. இப்போது தன் பேச்சுக்குத் திரும்பப் போனால் அது கைக்கு வரவில்லை. அந்த அம்மாளிடம் தானாக வந்தது, தங்கையிடம் வரவில்லை.

"குறை நினைக்கக் கூடாது," என்றாள் செல்வமலர். மரியாதை குறையாத, எட்ட நிறுத்திய குரல். "அக்கா எண்டு சொல்லி ஆரும் எடுக்கலாம். அம்மா ஒரு வெள்ளாடு வளர்த்தவ. அதுக்கு என்ன பேர்?"

தவமலர் கண்ணை மூடினாள். ஆடு தெரிந்தது. ஒரு காது மடங்கிய வெள்ளை ஆடு. அதன் சூடுகூட உள்ளங்கையில் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

"பேர் நினைவில்லை," என்றாள். "எனக்குப் பத்து வயசு. நீ எட்டு மாசம். உனக்கு வீட்டுக்குள்ளை நித்திரை வராது. அம்மா மேற்கு வேலியடியிலை, பூவரசிலை ஏணை கட்டுவா. வேலிக் கல்லெல்லாம் கடல்கல்லுத்தானே, ஓட்டை ஓட்டையா இருக்கும். சோளகக் காத்து வீசினா அது ஊதும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் நீ கண் மூடுவாய். காத்து நிண்டா அழுவாய். அப்ப என்னை வேலிக்கு அங்காலை நிக்கச் சொல்லி, கல்லிலை வாயை வைச்சு ஊதச் சொல்லுவா. நான் ஊதி ஊதி உதடெல்லாம் உப்பு."

எப்போது பேச்சு மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. கலியாணசுந்தரம் தறியை நிறுத்தியிருந்தார்.

மறுமுனையில் காற்றுதான் கேட்டது. பிறகு, "அக்கா," என்றாள் செல்வமலர்.

அரை மணி நேரம் பேசினார்கள். பெரும்பாலும் செல்வமலர்தான் பேசினாள். அம்மா கடைசிவரை வீட்டை விட்டுப் போகச் சம்மதிக்கவில்லையாம். மழைக்கு வேலி சரிந்தால் தானே கல்லைத் தூக்கி அடுக்குவாளாம். இந்தியாவிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் படகு வந்து நிற்கும் மாவலித்துறைக்கு நடந்துபோய் நிற்பாளாம்.

"ஊரிலை எல்லாரும் சொன்னவை, செத்தவைக்குச் செய்யவேண்டியதைச் செய் எண்டு," என்றாள் செல்வமலர். "அவ செய்யேல்லை அக்கா. அப்பாவுக்கும் செய்யேல்லை, உங்களுக்கும் செய்யேல்லை. பொட்டைக்கூட அழிக்கேல்லை. என்ர பிள்ளை உயிரோடை இருக்கிறாள், நான் ஏன் செய்ய வேணும் எண்டு கேப்பா."

அதற்குமேல் தவமலரால் போனைப் பிடித்திருக்க முடியவில்லை. காயத்ரி வாங்கி, "சித்தி, அம்மா அப்புறம் பேசுவாங்க," என்று சொல்லி வைத்தாள்.

தவமலர் அழுததற்குக் காரணத்தை அன்று சாயங்காலம்தான் சொன்னாள். சித்திரா பௌர்ணமி அன்று அவள் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் காஞ்சிபுரமே சித்ரகுப்தர் கோயிலில் நிற்கும், அதனால் அவளும் அந்தச் சாமிக்குத்தான் விரதம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் ஊரில் அது வேறு விரதம். தாயை இழந்தவர்கள் தாய்க்காக இருப்பது. தாய் இருக்கிறவர்கள் இருக்கக் கூடாது.

"தொண்ணூத்தொண்ணுலருந்து இருக்கிறேன்," என்றாள். "அதுல இருபத்தோரு வருஷம் அவ உயிரோட இருந்திருக்கா. அவ துறையில நின்னு என்னைப் பாத்துக்கினு இருந்தா. நான் இங்க அவளுக்குப் பட்டினி கெடந்து காரியம் பண்ணிக்கினு இருந்தேன்."

கலியாணசுந்தரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செல்வமலரிடம் இதைச் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல நினைப்பாள், வேறு எதையாவது பேசி வைத்துவிடுவாள். ஒரு நாள் சொல்லிவிட்டாள். "அவவை மறக்காமல் நினைச்சிருக்கிறியள்," என்றாள் செல்வமலர். "அது போதும் அக்கா. வாருங்கோ ஒருக்கா."

வரலாம் என்றால் தவமலருக்கு வழியில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் அவளுக்குக் கிடையாது. பெட்டியின் அடியில் முகாம் அட்டை ஒன்றுதான் இருந்தது. கலெக்டர் ஆபீசுக்கு நாலு தடவை போனார்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். "அம்மா வரவரைக்கும் நான் போறேன்," என்றாள் காயத்ரி. அவளுக்குப் பாஸ்போர்ட் ஒரே மாதத்தில் வந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. கலியாணசுந்தரம் மைத்துனிக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு புடவை நெய்து முடித்திருந்தார். உப்புக்காற்றில் பட்டு நிற்காது, எனக்கெதற்கு என்று செல்வமலர் போனில் சொன்னாள். இரும்புப் பெட்டியில் வைத்தாவது இருக்கட்டும் என்றார் அவர்.

துறைமுக வாசலோடு வழியனுப்புகிறவர்களை நிறுத்திவிட்டார்கள். "உனக்கு என்னம்மா எடுத்துக்கினு வரட்டும்?" என்றாள் காயத்ரி. "கல்லு, மண்ணு ஏதாவது?"

"ஒண்ணும் வேணாம். சித்தி வீட்டுல என்ன போட்டாலும் வேணாம்னு சொல்லாத. தண்ணி உப்பாத்தான் இருக்கும், முகம் சுளிக்காமக் குடி. நாலு நாள் கூட இருந்துட்டு வா."

காயத்ரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். திரும்பி ஒருமுறை கையசைத்தாள். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

கப்பல் நகரத் தொடங்கியபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. வேலிக் கம்பியைப் பிடித்தபடி தவமலர் நின்றாள். வெயில் ஏறிற்று. டீ வாங்கிக்கொண்டு வந்த கலியாணசுந்தரம், "போலாமா மலரு?" என்றார்.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றாள் அவள். "இன்னும் தெரியுது."