வலுவான சிப்

குனிந்தே சால்டர் வைத்ததில் கௌதமனுக்குக் கழுத்து கடுத்தது. இருபது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறவன். ஃபோனில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் கிட் வாங்கிப் பூட்டினான். சத்தம் பத்தாமல் இரண்டு முறை சிப்பை மாற்றினான். இன்று அதைவிட வலுவானதைப் போட்டு, வால்யூமை முழுக்கத் திருகியும் கிணற்றுக்குள் பாடுவது போலத்தான் இருந்தது.

“இதும் டூப்ளிகேட்டுதான் அம்மணி. நீயே கேட்டுப் பாரு.”

மனைவி மெர்சி ஹெட்ஃபோனைக் காதில் வைத்த வேகத்தில் பிடுங்கி எறிந்தாள்.

“ஏனுங்க, காதே கிழிஞ்சு போச்சு! உங்களுக்குக் கேக்கலீங்களா?”

தறி இரைச்சலில் வந்த பழக்கத்தில் அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டான். வீட்டுக்குள் தறி எதுவும் ஓடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி வெள்ளியங்கிரி சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொள்ளத் தருவதாகச் சொன்ன இயர் பிளக் இன்னும் பாக்கி.