சயோ ஏன் சண்டைக்கு வரவில்லை

எங்கள் வீட்டில் கேம் ஒன்று, ஆடுகிறவர்கள் இரண்டு பேர். காலையில் என் வீட்டுக்காரர் ஜெரால்ட் ஆடுவார், சாயங்காலம் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவருக்கு இரும்பு வார்க்கிற கம்பெனியில் மதிய ஷிப்ட். எனக்கு காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் காலை ஷிப்ட். நான் கிளம்பும்போது அவர் குறட்டை விடுவார், அவர் வரும்போது நான் குறட்டை விடுவேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் ஒழுங்காகப் பார்ப்போம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜோடிக்கு வாய்த்த வாழ்க்கை இது.

அவரோடு வேலை செய்யும் ஆதிகேசவன் அண்ணன் புது கேம் மெஷின் வாங்கியதும், பழையதை எங்கள் தலையில் கட்டிவிட்டார். அதில் இருந்த கேம் ஜப்பான் கார்ட்டூன் ஒன்றை வைத்துச் செய்தது. தைகா என்ற பையன் ஒரு ஸ்கூலில் சேருகிறான்; அவன்தான் நாம். பகலெல்லாம் வகுப்பு, கேன்டீன், மொட்டை மாடி அரட்டை. மணி அடித்ததும் மைதானத்தில் இறங்கி, கையில் நெருப்பும் மின்னலும் பறக்க அடிதடி. கூடப் படிக்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால் அவர்கள் படத்துக்குக் கீழே இருக்கும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிறையும். கோடு நிறைந்தால் அவர்களும் நம் பக்கம் சேர்ந்து சண்டைக்கு வருவார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மணி அடித்த பிறகுதான் கேமே. ஸ்கூல் வந்தால் போதும், கட்டை விரல் தானாகப் போய் 'ஸ்கிப்'பை அமுக்கும். சேர்ந்த முதல் நாளிலிருந்தே அப்படித்தான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கேமில் பாதி வருஷம் ஓடிய பிறகு ஒரு சாயங்காலம் சும்மா இருக்கிறதே என்று நான் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் சயோவைப் பார்த்தேன்.

கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருக்கிற பெண். அந்த ஸ்கூலிலேயே பலசாலி அவள்தானாம், எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மைதானத்தில் காலே வைப்பதில்லை. மணி அடித்ததும் எல்லோரும் ஓடுவார்கள், இவள் மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஏன்? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கேட்டால், "நாம் நல்ல சிநேகிதர்கள் ஆனதும் சொல்கிறேன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை. அவள் பேசுவது ஜப்பான் பாஷை, கீழே ஓடுவது இங்கிலீஷ். பத்தாவதோடு கம்பெனிக்கு வந்த எனக்கு அந்த இங்கிலீஷோடு ஓட முடியாது. போனை டிவிக்கு நேராகப் பிடித்துத் தமிழாக்கிப் படிப்பேன். 'என் மதிய உணவு உங்களை மன்னிக்கிறது' என்றெல்லாம் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே அரிசி களைவேன். ஒரு பேச்சு முடிய ஒரு சாயங்காலமே ஆகும். அப்படி நிரப்பிய கோடு அது. வியாழக்கிழமை, இன்னும் நகத்தளவுதான் பாக்கி என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்து போட்டால் ஸ்கூலே இல்லை. வருஷம் முடிந்து, பட்டம் வாங்கி, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வெறும் மைதானம், அதன் நடுவில் சயோ. கையில் மின்னல்.

அவருக்குப் போன் போட்டேன். டீ பிரேக்கில் எடுத்தார்.

"இன்னா மோனி, பாத்தியா? உன் கோடு கொஞ்சூண்டுதான் பாக்கி இருந்துச்சு. நானே முட்ச்சு வச்சுட்டேன். உன் சிநேகிதி இன்னா அடி அடிக்கிறா தெரியுமா!"

"உன்ன யாரு மாமா முடிக்கச் சொன்னது?"

"பாதி வேலைய அடுத்த ஷிப்டு தலையில வச்சுட்டுப் போனா எங்க லைன்ல காறித் துப்புவாங்க. நீ பாவம், டயர்டா வருவியேன்னு..."

"அவ இன்னா சொன்னா?"

"யாரு?"

"சயோ! ஏன் சண்டைக்கு வரலன்னு சொல்லியிருப்பா இல்ல?"

போனில் கம்பெனி இரைச்சலுக்கு நடுவே மெதுவாக, "ஸ்கிப் பண்ணிட்டேன் மோனி" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பொம்மைக்காகவா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த மனுஷன் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். அதனால் வாய் நிறையத் திட்டவும் முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

சனிக்கிழமை அவர் தன் லைனில் இந்த கேம் ஆடுகிற அத்தனை பேரையும் விசாரித்திருக்கிறார். எல்லோரும் முழுசாக முடித்தவர்கள். சயோ எந்த அடி அடிப்பாள், எப்படித் தடுப்பாள் என்று விரல்விட்டுச் சொன்னார்களாம். ஏன் முதலில் வரவில்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. யூடியூபில் பாரேன் என்றாராம் ஆதிகேசவன் அண்ணன்.

"வேற எவனோ அவகிட்ட பேசுறத நான் ஏன் பாக்கணும்?" என்றேன்.

ஞாயிறு சர்ச் முடிந்து சாப்பிட்டதும், நான் கேட்காமலே அவர் கேமை முதலிலிருந்து போட்டார். அவர் கையில் கன்ட்ரோலர், என் கையில் போன். முதல் நாள், முதல் வகுப்பு. நான் பார்த்தே இராத இடம். கட்டை விரல் பழக்கதோஷத்தில் நகர்ந்தது. தட்டிவிட்டேன்.

வாத்தியார் ஒவ்வொருவரையும் எழுப்பி, இந்த ஸ்கூலுக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறார். ஜெயிக்க, பேர் வாங்க, அப்பாவைத் தோற்கடிக்க என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைசியில் ஜன்னலோரத்திலிருந்து சயோ எழுந்தாள். போனை நேராகப் பிடித்தேன். அதிசயமாக அன்று தமிழ் ஒழுங்காக வந்தது.

'சண்டை எனக்குச் சிறு வயதிலேயே வேலை. நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தேன்.'

இவ்வளவுதான். முதல் நாளே, எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறாள்.

நான் பிளஸ் ஒன் சேர வாங்கிய நீலப் பாவாடை இன்னும் அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும். போனிலிருந்த வரியைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

டிவியில் மணி அடித்தது. பையன்கள் மைதானத்துக்கு ஓடினார்கள். சயோ கரும்பலகைப் பக்கம் நடந்தாள்.

"போ மாமா, உன் ஷிப்டு வந்துடுச்சு" என்றேன்.

அவர் தைகாவைத் திருப்பி, கரும்பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இருக்கட்டும்" என்றார். "அவ இன்னாமோ சொல்ல வரா பாரு. போனப் புடி."