பன்னிரண்டில் ஆறு

தர்மிகாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய இரத்தத்தை அவளுடைய உடம்பே அழித்துக்கொண்டிருந்தது. வீட்டுக் காவல் நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற மாதிரி ஒரு நோய் என்று ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தினார்கள். கண் மஞ்சளாகும், சிறுநீர் பால் விடாத வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் போகும், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். அதற்கு மருந்து, தினமும் காலையில் பன்னிரண்டு குளிசை.

குளிசை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் முகத்தையும் ஊதவைத்தது. இரண்டு மாதத்தில் பிள்ளையின் கண்கள் கன்னத்துக்குள் புதைந்துபோயின. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் நாலாம் மாடியில் இருந்த அவளுடைய தாய் பூரணிக்கு நோயைவிட அந்த முகம்தான் பாரமாக இருந்தது. நோயை ஒருவரும் காணவில்லை; முகத்தை எல்லோரும் கண்டார்கள்.

"என்ன பூரணி, பிள்ளை இப்பிடி ஊதிப்போய்க் கிடக்குது? என்னத்தைக் குடுக்கிறாய்?" என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் சிவநாயகி கேட்டாள்.

"அலர்ஜி" என்றாள் பூரணி.

இரத்தத்தில் வருத்தம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது சின்னவளோடு நிற்காது. மூத்தவள் அபிஷா பெரியபிள்ளையானதற்கு வைகாசியில் சாமத்தியவீடு வைக்க மண்டபம் எடுத்தாயிற்று. நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு வரும்போது, அந்தக் குடும்பத்து இரத்தத்தில் ஏதோ பிழையாம் என்று திராமனிலிருந்து லண்டன் வரைக்கும் டெலிபோன் பறக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அகதியாய் வந்து பனிக்குள் விழுந்தெழும்பி வாழப் பழகிய சனம், அடுத்த வீட்டுக்காரி என்ன சொல்லுவாள் என்ற பயத்தை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தது.

பூரணி குளிசையைப் பாதியாக்கினாள். ஆறு பிள்ளைக்கு, ஆறு கழிப்பறைக்கு. பேக்கரியில் விடியற்காலை வேலைக்குப் போகிற கணவன் குணசிங்கத்துக்கு இது தெரியாது. டாக்டர்மார் எப்போதும் கூட்டித்தான் எழுதுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகமும் மெல்ல மெல்ல வற்றத் தொடங்கியது. இரத்தமும் வற்றியது.

மூன்று மாதத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள் தர்மிகா. அங்கே நேர்ஸ்மார் பன்னிரண்டையும் எண்ணிக் கொடுக்க, இரத்தம் ஏறும். வீட்டுக்கு வந்ததும் இறங்கும். இடையில் சாமத்தியவீடும் நடந்தது. பச்சைப் பட்டுப் பாவாடையில் தர்மிகா தமக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். படத்தில் அவளுடைய கண் மஞ்சளாக விழுந்திருந்ததைப் படக்காரர் திருத்திக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த கிழமை டாக்டர் கூப்பிட்டார். மொழிபெயர்க்க ஆஸ்பத்திரி ஒழுங்குசெய்திருந்தவள் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிற ஜெயகுமாரி. சாமத்தியவீட்டில் ஆலாத்தித் தட்டுச் சுற்றியவர்களில் ஒருத்தி. ஒஸ்லோவில் தமிழும் நொர்வேஜிய மொழியும் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர்? எப்படித் திருப்பினாலும் தெரிந்த முகம்தான் வந்து நிற்கும்.

"வீட்டிலை குளிசை முழுதும் எடுக்கிறாவோ எண்டு டொக்டர் கேக்கிறா."

"ஓம். ஒருநாளும் தவறினதில்லை" என்றாள் பூரணி.

டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். பாதிக் குளிசைக்குப் பாதி வீக்கம் இருக்கத்தான் செய்தது. நம்பிவிட்டார். முழு அளவு எடுத்தும் வீட்டில் இரத்தம் இறங்குவதால் இது மருந்துக்கு மசியாத வகை, இனி மண்ணீரலை எடுக்கவேண்டும் என்றார். சிவப்பணுக்களை அதிகமாக அழிக்கிற இடம் அதுதான். எடுத்துவிட்டால் பிறகு எந்தக் காய்ச்சலும் உயிருக்கு ஆபத்து; சாகும்வரை கவனமாக இருக்கவேண்டும்.

ஒரு முகத்துக்காகப் பிள்ளையின் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். போகட்டும் மானம் என்று பூரணி ஒரு கணம் நினைத்தாள். நினைத்த சூட்டோடு வாயையும் திறந்தாள்.

"ஜெயகுமாரி, நான் பொய் சொல்லிப்போட்டன். ஆறுதான் குடுத்தனான். முகம் ஊதுதெண்டு பாதியாக்கினனான். சொல்லும் பிள்ளை, டொக்டருக்குச் சொல்லும்."

ஜெயகுமாரி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாள். டாக்டர் இரக்கத்தோடு தலையாட்டி, பூரணியின் கையைப் பிடித்து அழுத்தினார். பத்து வருடம் ஒஸ்லோவில் துப்புரவு வேலை செய்தவளுக்குப் பாதி என்கிற சொல் தெரியாதா? ஜெயகுமாரியின் பேச்சில் அந்தச் சொல் வரவில்லை.

நடைபாதையில் ஜெயகுமாரி அவளுடைய காதோடு சொன்னாள். "அக்கா, நான் அதைச் சொல்லேல்லை. சத்திரசிகிச்சைக்குத் தாய் பயப்பிடுறா எண்டு சொல்லிச் சமாளிச்சனான். சொல்லியிருந்தால் பிள்ளையளின்ரை பாதுகாப்பைப் பாக்கிற பார்னவேர்ன் வந்து ரெண்டு பிள்ளையளையும் பறிச்சுக்கொண்டு போயிருக்கும். பயப்பிடாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் மூச்சுவிடமாட்டன்."

டாக்டரின் கதவு திறந்துதான் கிடந்தது. பத்தடி தூரம். பாதி என்ற சொல்லும் குளிசை என்ற சொல்லும் பூரணிக்கு நொர்வேஜிய மொழியில் நன்றாகத் தெரியும். அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். ஜெயகுமாரியைப் பார்த்தாள்.

"பெரிய உபகாரம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றையிலிருந்து பன்னிரண்டு குளிசையையும் எண்ணிக் கொடுத்தாள். ஆனால் சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாள் ஆறாம் நாளே வந்துவிட்டது. நோய் தணிகிறதா என்று பார்க்கப் பொறுங்கள் என்று சொல்ல வேண்டியவளுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை.

அந்தக் காலையில் ஆஸ்பத்திரிச் சட்டையோடு கட்டிலில் கிடந்த தர்மிகா தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். நொர்வேஜிய மொழியைத் தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்துப் பேசக்கூடிய பிள்ளை அவள்.

"அம்மா, நேற்று நேர்ஸ் என்னைத் தனியக் கேட்டவ, வீட்டிலை எத்தினை குளிசை தாறவை எண்டு."

பூரணி கதவுப் பக்கம் பார்த்தாள். "நீ என்ன சொன்னனி?"

"பன்னிரண்டு எண்டனான். எப்பவும் பன்னிரண்டுதான் எண்டனான். நீங்கள் மற்றதை டாய்லெட்டுக்குள்ளை போட்டதைச் சொல்லேல்லை. சொன்னால் உங்களை ஏசுவினம்தானே?"

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, ஏதாவது கேட்கவேண்டுமா என்று பூரணியிடம் மெதுவாக, விளங்கும்படி கேட்டாள். பூரணி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு குனிந்து மகளுடைய தலையைத் தடவினாள்.

"கெட்டிக்காரி" என்றாள்.