விடத் தெரிந்த கோந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. புதிதாக வாங்கிய வாளியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரிக்க முடியாமல் நகம் உடைந்தது. இதற்கெல்லாம் யாருமே எதுவும் கண்டுபிடிக்கவில்லையா என்ற எரிச்சலில் இணையத்தில் காப்புரிமைப் பட்டியலைத் துழாவினேன். அகப்பட்டார் ஒருவர். ஒரே ஆள் பெயரில் இரண்டு காப்புரிமைகள். ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீரில் தானே கழன்றுகொள்ளும் லேபிள் கோந்து. மற்றது, வருமானத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கடன் தவணை முறை.

கோந்துக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்? ஒட்டினால் விடாது என்பதைத் தவிர?

முகவரி இரண்டு பஸ் தூரம்தான். கிளம்பிவிட்டேன்.

[முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: "அந்த மேதையின் கண்களில் ஏதோ ஓர் ஒளி—" அடித்துவிட்டேன். கதவைத் திறந்தவர் கண்களில் இருந்தது வெங்காயம் நறுக்கிய கண்ணீர்.]

2

தெருவில் அவரைக் கோந்து சார் என்கிறார்கள். முன்பு பெயின்ட் கம்பெனி ஒன்றில் வேதியியலாளர். கம்பெனி ஊரைவிட்டுப் போனது, இவர் போகவில்லை. வீட்டின் இரண்டு குளியலறைகளில் ஒன்றைச் சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார். ஷவர் இருந்த இடத்தில் பீக்கர்கள், சோப்புப் பெட்டியில் வெப்பமானி.

மனைவி குளிர்பானத் தொழிற்சாலையில் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். திரும்பி வரும் காலி பாட்டில்களின் பழைய லேபிள் லேசில் உரியாது. அதற்காகவே காஸ்டிக் சோடாத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வைப்பார்கள். ஒருநாள் குழாய் விட்டுப்போய், அந்தத் தண்ணீர் அவர் முன்கையில் தெறித்தது. கட்டோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துவிட்டுக் கோந்து சார் சோறுகூடச் சாப்பிடாமல் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"கட்டுப் போட்ட கையோட நான் நிக்கிறேன். ஒரு வார்த்தை கேக்காம உள்ள போய்ட்டாரு," என்றார் அந்த அம்மா என்னிடம். "எனக்கு வந்த கோபத்துக்குக் கதவை உடைச்சிருப்பேன். ஒரு கைதான் இருந்துச்சு."

"ஒட்டுறதுக்கு ஆயிரம் கோந்து இருக்கு," என்று கோந்து சார் குறுக்கே வந்தார். "விடத் தெரிஞ்ச கோந்து ஒண்ணுகூட இல்லையேன்னு தோணுச்சு. அதான்."

மாவுச்சத்தையும் பால் புரதத்தையும் வைத்து மாரடித்து, கடைசியில் ஒரு கோந்து வந்தது. ஐஸ் தண்ணீரில் கெட்டியாகப் பிடிக்கும், கை பொறுக்கும் சூட்டில் விட்டுவிடும். பெருமையாக மொட்டைமாடியில் பாட்டில்களை அடுக்கிவைத்தார். சுள்ளென்று வெயில். திடீரென்று மழை. சூடும் ஈரமும் சேர்ந்ததும் அத்தனை லேபிளும் வழுக்கிக் காற்றில் பறந்து, பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பில் போய் ஒட்டின. அங்கிருந்து மட்டும் விடவே இல்லை.

பிறகு மறுபடி குளியலறை. முழுதாக முங்கிச் சற்று ஊறினால்தான் விடும் என்கிற பக்குவத்துக்கு வந்த பிறகுதான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.*

* பக்கத்து வீட்டுக்காரருக்குப் புது விரிப்பு வாங்கிக் கொடுத்தாயிற்று. கவலை வேண்டாம்.

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். மச்சான். அந்த அம்மாவின் தம்பி, டாக்ஸி ஓட்டுநர். இவர் கதைக்குத் தேவையா? எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டாவது காப்புரிமை அந்தரத்தில் தொங்கியது. திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன்.

மச்சான் கடனில் கார் வாங்கினார். சவாரி குவிந்த மாதமும் அதே தவணை, படுத்த மாதமும் அதே தவணை. தொடர்ந்து மூன்று மாதம் படுத்தது, நிதி நிறுவனம் காரை இழுத்துக்கொண்டு போனது. மச்சான் அக்கா வீட்டு வாசலில் சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா, இதுக்கும் ஏதாவது கோந்து வெச்சிருக்கீங்களா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். மாமா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சவாரிச் செயலியிலிருந்து வார வருமானத்தைத் தானே எடுத்து, தவணையைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிடும் கருவி ஒன்றை வடிவமைத்தார். காப்புரிமை கிடைத்தது. வங்கிகள்தான் கிடைக்கவில்லை. ஒரு மேலாளர், "குறையுற தவணையா? அதுக்குப் பேரு தர்மம் சார்," என்று டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

4

வில்லன் வரவேண்டிய நேரம். கழுவும் ரசாயனங்கள் விற்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கொடூரமாகச் சிரிக்கும் ஆளாக எழுத எவ்வளவோ முயன்றேன். ["அவள் உதட்டில் ஒரு விஷமப்—" வேண்டாம்.] நல்ல பெண்மணி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பீக்கர்களை ஆசையாகப் பார்த்தார். கோந்துக் காப்புரிமைக்கு அவர் சொன்ன விலையில் அந்த அம்மா நாளைக்கே வேலையை விட்டுவிடலாம்.

"எப்ப மேடம் மார்க்கெட்டுக்கு வரும்?" என்று கோந்து சார் கேட்டார்.

"வராது சார்," என்றார் அதிகாரி, சற்றும் மறைக்காமல். "லேபிள் சுலபமா உரிஞ்சிட்டா எங்க சரக்கை யார் வாங்குவா?"

அவர் போனதும் வீட்டில் வெடித்தது.

"வித்துடலாம்னு பாக்கிறேன்," என்றார் கணவர். "நீ அந்த வேலைக்கே போக வேணாம்."

"நான் போகலைன்னா பாட்டில் தானா கழுவிக்குமா? இன்னொருத்தி வந்து நிப்பா. அவ கையும் இதே கைதானே?"

"உனக்காகத்தானே பண்ணேன்."

"எனக்காகப் பண்ணீங்கன்னா என்னைக் கேக்கணும்ல? அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

"கை இப்ப எப்படி இருக்கு?" என்றார் கோந்து சார். ரொம்பத் தாமதமான கேள்விதான். ஆனாலும் அந்த அம்மா கையை நீட்டினார். தழும்பை முதல்முறையாக அவர் கிட்டத்தில் பார்த்தார்.

"சரி, சொல்லு. என்ன பண்ணலாம்?"

"எங்க மேனேஜரைப் போய்ப் பாப்போம். ரெண்டு பேருமா."

5

மேனேஜர் கையை விரித்தார். "கோந்து பிரமாதம். முன்பணம் கொடுக்க வழியில்ல."

"முன்பணம் வேணாம்," என்றார் அந்த அம்மா. கணவர் பக்கம் திரும்பி, "நம்ம தம்பிக்குப் பண்ணீங்களே, அதையே இவங்களுக்குப் பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

கோந்து சார் சொன்னார்: அந்த நிமிஷம் தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்ததாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்றால் எரிபொருள் மிச்சம், காஸ்டிக் சோடாவும் மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். மிச்சம் கூடினால் பங்கு கூடும், குறைந்தால் குறையும். மேனேஜர் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கழுவும் வரிசைக்கு மட்டும் சம்மதித்தார்.

முதல் நாள், புதுக் கோந்தில் லேபிள் ஒட்டிப் போய்த் திரும்பி வந்த பாட்டில்கள் இளஞ்சூட்டுத் தொட்டியில் இறங்கின. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கோந்து சார் கண்ணை மூடிக்கொண்டார். "ஏங்க, பாருங்க," என்று மனைவி தோளைத் தட்டினார். லேபிள்கள் வாடிய இலைகளைப்போல ஒவ்வொன்றாக மிதந்து மேலே வந்தன. இப்போது எல்லா வரிசையிலும் அந்தக் கோந்துதான்.

6

இங்கேயே சுபம் போட்டிருக்கலாம். போட்டும்விட்டேன். அப்புறம் மச்சான் போன் செய்தார்.

தொழிற்சாலை விஷயம் காதுக்கு எட்டி, ஒரு நிதி நிறுவனம் தவணைக் காப்புரிமையைக் கேட்கிறதாம். மச்சானின் காரை இழுத்துக்கொண்டு போன அதே நிறுவனம். "எல்லாம் வேணாமாம் சார். வருமானம் கூடுனா தவணை கூடுதே, அந்தப் பாதி மட்டும் போதுமாம்!"

"மாமா என்ன சொன்னாரு?"

"பாதிக் கத்தரிக்கோல் விக்கிறதில்லன்னு சொல்லிப் போனை வெச்சிட்டாரு."

ஒரு வாரம் கழித்து நிறுவனம் மறுபடி கூப்பிட்டது. சரி, இரண்டு பாதியும் எடுத்துக்கொள்கிறோம், நேரில் வாருங்கள் என்றது. நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "கையெழுத்து வாங்கினப்புறம் இறங்குற பாதியை மறந்துட மாட்டாங்களா?"

"மறக்கலாம். மறக்காமலும் இருக்கலாம். போகலைன்னா தம்பி மாதிரி இருக்கிற யாருக்குமே எதுவும் மாறாதே. நீங்களா இருந்தா போவீங்களா, மாட்டீங்களா?"

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது, படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் ஏமாற்றுகிறது, படித்தால் அந்த அம்மா முகத்தில் விழிக்க முடியவில்லை. இரண்டையும் கிழித்தாயிற்று.

இப்போது கோந்து சாரும் அந்த அம்மாவும் நிறுவனத்தின் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை எதற்குச் சம்மதிப்பது, எதற்குக் கூடாது என்று வழியெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே பேசி வைத்திருக்கிறார்கள். கதவைத் தட்டியாயிற்று. உள்ளேயிருந்து "வாங்க" என்று ஒரு குரல்.

நீங்கள் அவர்களோடு போங்கள். நான் கீழே மச்சான் ஓட்டிவந்த வாடகைக் காரில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன ஆனது என்று சீக்கிரம் வந்து சொல்லுங்கள், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.