ஏழாம் நம்பர்

தம்பியின் வாயிலிருந்து ஒரு பதில் வாங்க நானூற்று எண்பது ரூபாய் ஆனது. கடைக்காரன் அறுநூறு சொன்னான், நாம் யார்?

பாகம் பிரித்தபோது லாரி, தராசு, அப்பா உட்கார்ந்த நாற்காலி வரை கணக்குப் போட்டோம். குளிர்கிடங்கின் நடுவே சுவர் எழுப்பினோம். உருளைக்கிழங்கு மூட்டைகளின் குளிரை அளக்கும் கருவிகளைக் கோத்து, அந்தச் சுவரைத் தாண்டி இரு பக்கமும் ஓடிய இரட்டைக் கம்பியை மட்டும் இருவரும் மறந்துவிட்டோம். அந்தக் கம்பியில் என் அறை மூன்றாம் நம்பர், அவன் அறை ஏழு. நம்பர் சொல்லிக் கேட்டால் பதில் வரும். தானாக எதுவும் வாய் திறக்காது. எங்கள் குடும்ப வளர்ப்பு அப்படி.

குளிரைக் காட்டும் பழைய பேனல் செத்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் ஆர்டுயினோ போர்டு ஒன்றும், அதைத் தொழிற்சாலைக் கம்பியோடு பேசவைக்கும் ஒரு சில்லும் வாங்கி மாட்டினேன். மூன்றைக் கேட்டேன், சொன்னது. கை சும்மா இருக்குமா? ஏழைக் கேட்டேன்.

நாலு டிகிரி.

பாகம் பிரித்த நாலு வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் பதில். மனைவி போனபின் வீட்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. நானோ போர்டை விட்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஏழாம் நம்பரை நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். தினமும் சில கேள்விகளுக்குப் பதில் சிதைந்து வந்தது. கம்பி இணைப்புகளைத் திட்டிக்கொண்டே மாற்றினேன். அப்படியும் நிற்கவில்லை.

ஞாயிறு மதியம் ஏழாம் நம்பர் பதினொரு டிகிரியைத் தொட்டது. சொன்னால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவன் சரக்கெல்லாம் முளைவிட்டுவிடும். போன் போட்டேன்.

"யாரு?"

"நான்தான்டா. உன் ரூம் சூடேறுது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"முதல்ல ஓடு. விசாரணைய அப்புறம் வச்சுக்க."

நாலு மணிக்கு அவனே கூப்பிட்டான். "கம்ப்ரசர் நின்னுருந்துச்சு. சரக்குத் தப்பிச்சுது. அண்ணே, உன் கதவு ரப்பரை மாத்து. செவ்வாய்க்கெழம லோடு ஏத்தறப்பல்லாம் ஆறு டிகிரிக்குப் போவுது."

வைத்துவிட்டான்.

அவனும் ஒரு போர்டு வாங்கியிருக்கிறான். என் மூன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு கம்பியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு கேள்வியும் மோதிக் கெடும். நான் திட்டியது இணைப்பை அல்ல.

கூப்பிடலாமா என்று போனைக் கையில் வைத்திருந்தேன். கடைக்காரன் அவனுக்கு எவ்வளவுக்குக் கொடுத்தான் என்றாவது கேட்டிருக்கலாம். நள்ளிரவில், தினமும் கணக்கெழுதும் நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுதினேன்.

கேட்டது 1,440. பதில் 1,431. இருவரும் சேர்ந்து கேட்டது 9.