ஜாம் முதலாளி உட்காராத நாள்

1.

இந்தக் கதை கூலிக்குப் பிறந்தது. எங்கள் வால்யெவோ ஊரில் பிளம் ஜாம் தொழிற்சாலை நடத்தும் திஹோமிர், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர என்னை அமர்த்தினார். பன்னிரண்டு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. மிச்சம் ‘குடும்பத் தலைவர்’ என்கிற கடைசி அத்தியாயம்தான். அது வரலாறாக வர மறுத்ததால் கதையாக உங்கள் தலையில் கட்டுகிறேன்.

2.

கைவிட்ட தொடக்கங்கள்:

“ஒரே ஒரு அண்டாவோடு தொழிலில் இறங்கிய திஹோமிர்…” (அண்டா மனைவியுடையது. ஜாமின் பக்குவமும் அவருடையதே. இறந்தவர் மறுப்புச் சொல்லமாட்டார் என்று முதலாளி இந்த இரண்டு உண்மையையும் அடித்துவிட்டார்.)

“திஹோமிருக்குக் குடும்பம்தான்…” இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே மகள் துன்யாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். மனிதர் செயலாளருக்குப் போன் போட்டார்.

“துன்யா ஐந்து வருடமாக அப்பன் வீட்டுப் படி ஏறவில்லை.” இது உண்மை. இருக்கட்டும்.

3.

எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு, குலசாமி மாதிரி. அவருடைய நாளில் யாரையும் அழைக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்தால் வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். கடைசி விருந்தாளி கிளம்பும்வரை வீட்டுக்காரர் உட்காரவும் கூடாது.

இரண்டாயிரம் பேரை வேலை வாங்குகிறவருக்கு இது ஒழுங்கீனமாகத் தெரிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் முதன்முதலாகப் பொன்னெழுத்தில் அழைப்புப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் அனுப்பினார். அதில் ஒன்று மகளுக்கும் போனது: ‘செல்வி துன்யா அவர்களுக்கு. வருகையை உறுதி செய்யவும்.’

உடனே போன் வந்தது.

“நம்ம வீட்டுச் சாமிக்கு எனக்கே பத்திரிகை வைக்கிறியாப்பா?”

“எல்லாருக்கும்தாம்மா போச்சு. மேயருக்குக்கூட!”

“அப்ப மேயரையே மகளா வச்சுக்கோ.”

வைத்த போனை அவள் பிறகு எடுக்கவேயில்லை. முதலாளியோ விருந்தன்று மேசையின் தலைப்பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பரிமாறுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

4.

இந்த வருடம் பத்திரிகை அடிக்கவில்லை. பரிமாற ஆளும் வைக்கவில்லை. டிசம்பர் குளிரில் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, எழுபத்தொரு வயது முழங்காலோடு தானே மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார்*.

பத்திரிகை வராததால் மேயர் வரவில்லை. யாருமே வரவில்லை. பத்திரிகைக்குப் பழகிய ஊர் அல்லவா? வந்தது நான் ஒருவன்தான், அதுவும் அத்தியாயத்துக்குத் தகவல் கேட்டு.

“கடைசி அத்தியாயத்துல துன்யா வர்றா. எழுதுய்யா.”

“வரலையே முதலாளி.”

“நீ எழுது. அதப் படிச்சிட்டு வருவா.”

(இந்த இடத்தில் என் கதாபாத்திரம் கெட்டுப்போனது. பன்னிரண்டு அத்தியாயமாக அவரைக் கோமாளி என்று நினைத்துச் சௌகரியமாக எழுதிவந்தேன். இப்போது பாவமாக இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது.)

*நோன்புக் காலம், அதனால் இறைச்சி இல்லை. எங்கள் சாமிக்கு மீன் சைவம்.

5.

முடிவு அ: துன்யா ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு…

முடிவு ஆ: வாசலில் கார் நிற்கிறது. இறங்கியவர் மேயர்.

இரண்டும் வேண்டாம். ‘துன்யா உள்ளே வந்தாள்’ என்று எழுத எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் அப்படி நான் எழுதினால் அதுவும் அவளுக்கு வைக்கிற பத்திரிகைதான். அந்தத் தப்பை இந்த வீட்டில் ஒருவர் ஏற்கெனவே செய்துவிட்டார்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். முதலாளி என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“போயிடாதய்யா. நீ போயிட்டா நான் உக்காந்துடணும். கதவச் சாத்திடணும்.”

நான் மூன்றாவது முறையாக மீன் கேட்டேன். அவர் நொண்டிக்கொண்டே எடுத்துவரப் போனார்.

துன்யா வருவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.